நல்லபெருமாளின் பேரில் ஓர் உத்தரவாதம்

அன்று காலை நல்லபெருமாளுக்கு உடம்பில் உப்பு கூடியிருந்தது. அவருக்குத் தெரிவதற்கு முன்பே கங்கோத்ரி குடியிருப்பில் பாதிப் பேருக்கு அது தெரிந்துவிட்டது.

கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில், ஆளுயர எஃகுத் தொட்டியோடு ஓர் இயந்திரம் நிற்கிறது. தீர்த்தவாரி கம்பெனியின் குடிநீர் இயந்திரம். சிரஞ்சீவி என்று பெயர். அதிலிருந்து, குழாயடி டம்ளர் மாதிரி, சங்கிலி போட்ட டம்ளர் ஒன்று தொங்கும். தினமும் விடிந்ததும் நல்லபெருமாள் வந்து அதில் முதல் தண்ணீரைக் குடிக்க வேண்டும். உதடு பட்டதும் டம்ளரின் விளிம்பு அவருடைய எச்சிலை ருசிபார்க்கும். வந்திருப்பது அவர்தானா, உயிரோடுதான் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும். திருப்தி ஏற்பட்டால் பச்சை விளக்கு எரியும். அதற்கப்புறம்தான் மற்ற வீடுகளுக்குக் குடிநீர் திறக்கும்.

ருசிபார்த்த வாய் சும்மா இருக்குமா? சர்க்கரை, உப்பு, ரத்த அழுத்தம், ராத்திரி தூங்கினாரா, என்ன தின்றார் என்று ஒரு ஜாதகமே கணித்து லிஃப்டுக்கு மேலே இருக்கும் திரையில் போட்டுவிடும். 'உத்தரவாத நிலை' என்று அதற்குத் தலைப்பு.

"சார், ஊறுகாயா அப்பளமா?" என்று கேட்டாள் சுகந்தி. இரண்டாவது மாடி. பால் வாங்கப் போகிறவள் மாதிரி கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு, பால்காரன் வருவதற்கு வெகுநேரம் முன்பே அந்தத் திரைக்குக் கீழே வந்து நிற்பது அவள் வழக்கம்.

"வெறும் மோர் சாதம்தாம்மா."

"அதுக்குத் தொட்டுக்க என்னன்னு கேட்டேன்."

நல்லபெருமாள் டம்ளரை அதன் கொக்கியில் மாட்டினார். "வடுமாங்கா. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுக்கு இந்த ஏத்தம் ஏறாது சார். எங்க வீட்லயும்தான் வடுமாங்கா இருக்கு."

சாயங்காலத்துக்குள் சங்கச் செயலாளர் கோதண்டம் வீட்டுக்கே வந்து ஜாடியைப் பறிமுதல் செய்துகொண்டு போனார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாத கை. "உங்களுக்காகச் சொல்லல சார். சின்னக் குழந்தைங்க இருக்கிற பில்டிங்" என்றார், ஜாடியின் மூடியை அழுத்தி மூடியபடியே. அந்த வடுமாங்காய் அப்புறம் யார் வீட்டு மோர் சாதத்துக்குப் போனது என்று ஊரறியும். செயலாளர் வீட்டுச் சமாசாரம் நமக்கெதற்கு.

நல்லபெருமாள் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்தவர். பஸ்களை நேரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்ததில் தன்னுடைய கல்யாணத்தைக் கோட்டைவிட்டார். முதலில் தள்ளிப்போனது, பிறகு இன்னும் தள்ளிப்போனது, ஒரு கட்டத்தில் கேட்கிறவர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு குடியிருப்பின் உயிர்நாடியாக மாறியது அவர் ஒரு கூட்டத்துக்குப் போகாததால்.

கடல் நிலத்தடியில் ஊர்ந்து ஊர்ந்து பள்ளிக்கரணையையும் தாண்டிவிட்ட காலம் அது. போர்வெல் தண்ணீரில் துவைத்த வேட்டி உப்பேறி, ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும். தீர்த்தவாரி கம்பெனி ஆள் வந்து கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டு சிரஞ்சீவியின் பெருமையைச் சொன்னார். வாங்குபவரின் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்றார்.

"அப்ப சங்கத்தின் பேர்ல போட்டுக்குங்க" என்றார் கோதண்டம்.

"சங்கத்துக்குச் சாவு கிடையாது சார். சாவில்லாதவங்களுக்கு ஆயுள் உத்தரவாதம் கொடுத்தா எங்க கம்பெனி என்னத்துக்கு ஆகும்? ஒரு ஆள் பேர் சொல்லுங்க. அவர் இங்க இருக்கிற வரைக்கும் மெஷினுக்கு நாங்க பொறுப்பு. அவர் காலமாயிட்டா எங்க ஆழ்ந்த அனுதாபம். மெஷின் நின்னுடும். அப்புறம் புது மெஷின், புது ஆள்."

கூட்டத்தில் அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். தன் சாவை ஒரு தண்ணீர் இயந்திரம் கவனித்துக்கொண்டே இருக்கும் என்றால் யாருக்குத்தான் பேர் கொடுக்க மனசு வரும்? கோதண்டத்துக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஒரு தையல். சுகந்தியின் கணவர் கையைத் தூக்கப் போனார். அவள் கிள்ளிய கிள்ளில் அது தலையைச் சொறியும் கையாக மாறி இறங்கியது.

கங்கோத்ரியில் இதற்கெல்லாம் ஒரு பழைய வழி உண்டு. யாரும் ஏற்காத வேலையைக் கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டிவிடுவார்கள். திருப்பதிக்குப் போனவர் திரும்பி வந்தால் பெயின்ட் அடிப்பதற்கு அவர்தான் மேற்பார்வை. காய்ச்சலில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்தால் மொட்டைமாடிச் சாவி அவர் தலைமாட்டில் இருக்கும். அன்றைக்கு நல்லபெருமாள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். கழுத்தெல்லாம் ஒட்டிய முடியோடு திரும்பியவருக்கு மாலை போட்டார்கள். எதற்கு என்று தெரியாமலே நன்றி சொன்னார்.

உள்ளதைச் சொன்னால், ஆரம்பத்தில் அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆளில்லாத மனிதர். திடீரென்று ஒரு குடியிருப்பே கேட்டது. ஒரு வீட்டிலிருந்து கீரை வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து சூப். பிறகு நெய் போனது. அப்பளம் போனது. மொபெட் ஓட்டக் கூடாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். மழையில் நனையக் கூடாது, மாடிப்படியில் ஏறியே ஆக வேண்டும், கோபப்படவே கூடாது. தென்காசியில் அவருடைய அக்கா இறந்தபோது, உடலை எடுத்த கையோடு இவரை வண்டியில் ஏற்றித் திருப்பி அழைத்துவந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகக் கேட்டதற்கு, "துக்கம் எங்களுக்கும்தான் சார். ஆனா காலைல தண்ணி வரணுமே" என்றார் கோதண்டம். அவர் முகத்தில் துக்கம் நிஜமாகவே இருந்தது.

இந்தக் காவலுக்குள் ஓர் ஓட்டை இருந்தது. தெருவைத் தாண்டினால் குணவதியின் கடை.

குணவதி கேன் தண்ணீர் விற்பவர். கூடவே சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜியும் உண்டு. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். கடைக்கு மேலேயே வீடு. வயது நல்லபெருமாளைவிட இரண்டு கூட, சர்க்கரையும் உண்டு. சிரஞ்சீவி வந்த பிறகு கங்கோத்ரியிலிருந்து அவருக்கு வியாபாரம் அற்றுப்போனது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாய் திறக்காதவர்களைப் பற்றித்தான் கங்கோத்ரியில் அதிகம் பேசுவார்கள்.

நல்லபெருமாள் பேப்பர் வாங்குகிற சாக்கில் அங்கே போவார். ஒரு பஜ்ஜி. இரண்டாவதுக்குக் கை நீளும்போது, "போதும், காலைல போர்டுல ஏறிடும்" என்பார் குணவதி. அவருடைய கேன் தண்ணீரில் ஒரு வாய் குடிப்பார். சிரஞ்சீவியின் தண்ணீருக்கு ருசி என்று எதுவும் கிடையாது. இதற்கு இருந்தது.

பொங்கல் சமயத்தில் ஒரு நாள் நல்லபெருமாள் கேட்டுவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. பஸ் புறப்படும் நேரத்தை அறிவிப்பது மாதிரி, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார்.

குணவதி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "இப்ப என்ன அவசரம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை என்பதை நல்லபெருமாள் படியேறும்போதுதான் உணர்ந்தார். அன்றைக்கு மூன்று மாடியும் மூச்சு வாங்கவில்லை.

ஆவணியில் மறுபடி கேட்டபோது, "முதல்ல அந்த மெஷின்கிட்ட கேட்டுட்டு வாங்க. உங்களை விடுதான்னு பார்ப்போம்" என்றார்.

அவரும் கேட்டார். தீர்த்தவாரியின் வாடிக்கையாளர் சேவையில் மனிதர்கள் யாரும் கிடையாது. ஜீவா என்ற குரல் ஒன்றுதான். ரொம்ப மரியாதையான குரல்.

"வணக்கம் நல்லபெருமாள் அவர்களே. தாங்கள் உயிருடன் இருப்பதில் தீர்த்தவாரி குடும்பம் மகிழ்கிறது."

"சந்தோஷம். நான் எதிர் வீட்டுக்குக் குடி போகலாம்னு இருக்கேன். தினமும் காலைல வந்து குடிச்சிட்டுப் போயிடறேன். பரவாயில்லையா?"

"மன்னிக்கவும். உத்தரவாதம் பெற்றவர் இயந்திரம் இருக்கும் முகவரியிலேயே வசிக்க வேண்டும். இடம் மாறினால் அவர் இல்லாதவராகக் கருதப்படுவார்."

"இல்லாதவர்னா?"

"எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

நல்லபெருமாள் தனக்கான அனுதாபத்தை ஏற்றுக்கொண்டார். "சரி. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா?"

"வாழ்த்துகள். தங்கள் காலத்துக்குப் பின் உத்தரவாதம் ஒரே ஒரு முறை தங்கள் துணைவிக்கு, அவருடைய ஆயுள் வரை நீட்டிக்கப்படும். அவரும் இதே முகவரியில் வசித்து, முதல் டம்ளர் அருந்த வேண்டும். துணைவியின் வயது என்ன?"

அவர் போனை வைத்துவிட்டார். பிரயோஜனமில்லை. லிஃப்டுக்கு மேலே அன்று மாலையே புதிய வரி ஓடியது: 'உத்தரவாதம் பெற்றவர் திருமணம் குறித்து விசாரித்துள்ளார்.'

கங்கோத்ரிக்குள் ஒரு கல்யாண வீடே புகுந்துகொண்டது. ஒரே ஒரு முறை, துணைவியின் ஆயுள் வரை. கோதண்டம் அதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அறுபதைத் தாண்டிய மனிதருக்கு முப்பதுகளில் ஒரு பெண் அமைந்தால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் தண்ணீருக்குக் கவலையில்லை. வீட்டுக்கு வீடு சொந்தபந்தத்தில் துழாவினார்கள். ஜாதகம் யாரும் கேட்கவில்லை; ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார்கள். குலம் கோத்திரம் விசாரிக்கிற இடத்தில், பெண்ணின் தாத்தா எத்தனை வயதில் போனார், எதனால் போனார் என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நல்லபெருமாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பட்ட பாடு அப்படி.

"நீச்சல் சொல்லித் தர பொண்ணு சார்" என்று ஆரம்பித்தாள் சுகந்தி. "முப்பத்தாறு. ரெண்டாம் தாரமா கொடுக்கவும் அவங்க தயார், நீங்க முதல் தாரமாவே பண்ணிக்கப் போறீங்க. அவங்க தாத்தா இன்னும் ஸ்கூட்டர் ஓட்டறார்."

"நான் பாத்துட்டேம்மா" என்றார் நல்லபெருமாள்.

"யாரை, தாத்தாவையா?"

"கல்யாணம் பண்ணிக்கப் போறவங்களை. எதிர்க்கடை குணவதி."

கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. 

"அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு" என்றார் கோதண்டம், ஒரு கடன் மனுவை ஒதுக்கி வைக்கும் குரலில். "உங்களைவிட மூத்தவங்க. நீங்க இருக்கும்போதே அவங்க போயிட்டாங்கன்னா, இருக்கிற ஒரே ஒரு வாய்ப்பும் வீண்."

"அவங்க இங்க குடிவரவும் மாட்டாங்க. டம்ளர்ல எச்சில் வைக்கவும் மாட்டாங்க. கேட்டுட்டேன்."

"பாத்தீங்களா" என்றாள் சுகந்தி எல்லோரையும் பார்த்து. "மெஷின் நின்னா யார் கடையில கியூ நிக்கும்? கேன் விக்கிறதுக்கு ஒரு ஆளையே வளைச்சுப் போட்டிருக்கா. நான் அப்பவே சொன்னேன், பேப்பர் வாங்கப் போற மனுஷன் எதுக்குப் பவுடர் போட்டுக்கிட்டுப் போறார்னு."

நல்லபெருமாள் எழுந்தார். அவருக்குக் கோபம் அனுமதிக்கப்படவில்லை.  "இத்தனை வருஷம் நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். எங்க அக்கா காரியத்துக்குக்கூட நிக்கல. இப்ப நான் கேக்கறது ஒண்ணுதான். என்னை விட்டுடுங்க."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். நான்காவது மாடிப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, "பால் கரைக்கிறதுக்கு எந்தத் தண்ணி ஊத்தறது அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். அவள் நிஜமாகவே அவரிடம் யோசனைதான் கேட்டாள். புது இயந்திரம் வாங்கச் சங்கத்தில் வக்கில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

நல்லபெருமாள் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் குணவதியிடம் போய்ச் சொன்னார். சொல்வதற்குள் பேப்பரைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். "என்னால முடியாது போலிருக்கு. நான் போனா அத்தனை பேருக்கும் உப்புத் தண்ணி."

"சரி" என்றார் குணவதி.

அழுவார், திட்டுவார், குறைந்தபட்சம் கரண்டியையாவது ஓசைப்பட வைப்பார் என்று எதிர்பார்த்துத் தயாராக வந்தவருக்கு, அந்த ஒற்றைச் சரி தாங்கவில்லை. "உனக்கு வருத்தமே இல்லையா?"

"வருத்தப்பட்டு என்ன. வேகாததைக் கிளறினா வெந்துடுமா. நீங்க நடைப்பயிற்சியை விடாம பண்ணுங்க."

குணவதிக்குத் தன்மேல் அவ்வளவுதான் பிரியம் என்று முடிவு கட்டிக்கொண்டு நல்லபெருமாள் வீடு திரும்பினார். மறுநாள் திரையில் 'மனநிலை: சோர்வு' என்று வந்தது. இரண்டு வீடுகளிலிருந்து பாயசம் வந்தது, சர்க்கரை போடாமல்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், அவர் முதல் டம்ளரைக் குடித்துப் பச்சை விளக்கும் எரிந்த பிறகு, சிரஞ்சீவியின் வயிற்றுக்குள் ஏதோ கனைத்தது. சற்று நேரத்தில் எல்லா வீட்டுக் குழாயிலும் கடல் வந்தது. நான்காவது மாடியில் கைக்குழந்தை பாலைத் துப்பியது.

கோதண்டம் கொஞ்சமும் கலங்கவில்லை. இந்த நாளுக்காகத்தானே இத்தனை வருடம் ஒரு மனிதரை ஊறுகாய் இல்லாமல் வைத்திருந்தார்கள்? நல்லபெருமாளைத் தேய்த்த சட்டை போடச் சொல்லி, நெற்றியில் விபூதியும் இடச் சொல்லி, இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கவைத்தார். கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்தவள் ஓர் இளம்பெண். முதுகுப்பையை இறக்கி வைத்தவள், நிற்கும் கூட்டத்தைப் பார்த்து யாராவது இறந்துவிட்டார்களோ என்று தயங்கினாள்.

"இவர்தான்" என்றார் கோதண்டம். "உயிரோட இருக்கார். பாத்துக்குங்க."

"நல்லதுங்க சார்" என்றாள் அந்தப் பெண். மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மூடினாள். "மெம்பரேன் கிழிஞ்சிடுச்சு. உப்பை வடிகட்டறதே அதுதான்."

"மாத்திடுங்க. ஆயுள் உத்தரவாதம்."

"மெம்பரேன் அதுல வராது சார். அது தேயும் பொருள்."

"பம்ப்?"

"அது ஓடும் பொருள்."

"அப்ப எதுதாம்மா வரும்?" என்று கேட்டாள் சுகந்தி.

அந்தப் பெண் எஃகுத் தொட்டியை விரலால் தட்டினாள். கணீரென்றது. "இது வரும். ஸ்டாண்டு, மூடி, இந்தத் தொட்டி. துருவே பிடிக்காது. நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்கு உத்தரவாதம்?"

"ஒண்ணும் ஆகாததுக்குத்தான் மேடம் ஆயுள் உத்தரவாதம் கொடுக்க முடியும். கெட்டுப்போறதுக்குக் கொடுத்தா கம்பெனி கெட்டுப்போயிடும்ல?" அவள் கிண்டல் செய்யவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். "மெம்பரேனை நீங்களே வாங்கிப் போடலாம்னாலும் கிடைக்காது. இந்த மாடலை நிறுத்திட்டாங்க."

கோதண்டம் திரையைக் காட்டினார். அதில் நல்லபெருமாளின் ரத்த அழுத்தம் ஓர் இளைஞனுடையதைப் போல ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப இதெல்லாம்? தினமும் இவரை டெஸ்ட் பண்ணினது?"

"அது வேற டிபார்ட்மென்ட் சார். அந்தத் தகவலையெல்லாம் யாரோ வாங்கிக்கறாங்க. எனக்குத் தெரியாது." முதுகுப்பையை மாட்டிக்கொண்டவள், போகிற போக்கில் நல்லபெருமாளைப் பார்த்து, "உங்க உடம்பு ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்" என்றாள்.

கூட்டம் கலைந்தது. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. தேய்த்த சட்டையோடு அவர் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார், வழியனுப்ப வந்தவர்கள் போன பிறகும் பஸ் வராத ஆள் மாதிரி. மறுநாள் காலையில் பழக்கத்தில் கீழே இறங்கி வந்தார். இயந்திரத்தை அணைத்துவிட்டிருந்தார்கள்; திரை இருட்டாக இருந்தது. பால் வாங்கப் போன சுகந்தி அவரைத் தாண்டி நடந்தாள். தண்ணீருக்கு என்ன செய்வது என்று போனில் யாரையோ கேட்டுக்கொண்டே போனாள். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பது அவளுக்கு இப்போது ஒரு விஷயமே இல்லை. விடுதலை இவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று நல்லபெருமாள் நினைத்திருக்கவில்லை.

சாயங்காலம் குணவதியின் கடைக்குப் போய் மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். காவல் இல்லாத முதல் மாலை. இரண்டு பஜ்ஜி வைத்த தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், சாப்பிடத் தோன்றவில்லை.

கோதண்டம் ஸ்கூட்டரில் வந்து இறங்காமலே நின்றார். கங்கோத்ரியிலிருந்து அன்று வந்த எத்தனையாவதோ ஆள். "ரெண்டு கேன் வேணும்மா. தண்ணிக்கு உத்தரவாதம் ஏதாவது உண்டா?"

"இன்னைக்குத் தண்ணி இன்னைக்கு நல்லா இருக்கும்" என்றார் குணவதி. "நாளைக்கு, நாளைக்கு வந்து கேளுங்க."

கடைப்பையன் யாரும் இல்லை. நல்லபெருமாள் தட்டை வைத்துவிட்டு எழுந்து கேனைத் தூக்கினார்.

"சார், நீங்க வெயிட்டு..." என்று ஆரம்பித்தார் கோதண்டம். பிறகு பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஸ்கூட்டரில் காலை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். "இன்னொண்ணைப் பின்னாடி வெச்சுக் கட்டிடுங்க சார்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை நல்லபெருமாள் அங்கேயே நின்றார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "பாத்தியா. அத்தனை வருஷமும் மெஷினுக்குத்தான். அதுவும் அந்தத் தகரத்துக்கு. தொட்டிக்கும் மூடிக்கும் நான் காவல் காத்திருக்கேன்."

"தெரியும்" என்றார் குணவதி.

"நேத்து சொன்னாங்களா?"

"அப்பவே தெரியும். எங்க வீட்டுக்காரர் பேர்ல இதே கம்பெனி மெஷின்தான் கடைக்கு வாங்கினோம், சின்னது. அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கெட்டுப்போச்சு. இதே மாதிரிதான் ஒருத்தன் வந்து தொட்டியைத் தட்டிக் காட்டிட்டுப் போனான்." உள்ளே கை காட்டினார். இருட்டில் மின்னிக்கொண்டு ஓர் எஃகுத் தொட்டி நின்றது. "அதுலதான் இப்ப அரிசி கொட்டி வெச்சிருக்கேன். பூச்சியே வராது."

நல்லபெருமாள் தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் உன்னை வேண்டாம்னு சொல்ல வந்தப்பகூட."

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஊறுகா ஜாடியைத் திறந்திருப்பீங்க." குணவதி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். "அவரு நாப்பதைத் தாண்டல. நல்ல மனுஷன்தான். உடம்பைப் பாத்துக்கணும்னு அவருக்கும் தோணல, கடை இருந்ததால எனக்கும் நேரமில்ல. உங்களை ஒரு பில்டிங்கே சேர்ந்து பாத்துக்குது. நடக்க வைக்கிறாங்க, உப்பைக் குறைக்கிறாங்க, சோர்ந்து போனா பாயசம் தராங்க. அவ்வளவு பேர் சேர்ந்து பண்றதை நான் ஒருத்தி பண்ண முடியுமா? நான் எதுக்கு அதைக் கெடுக்கணும்?"

கோபப்படலாமா என்று நல்லபெருமாள் யோசித்தார். இப்போது அதற்குத் தடையேதும் இல்லை. எந்தத் திரையிலும் வராது. ஆனால் பல வருடமாகப் பழக்கம் விட்டுப்போனதில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எதிரே கங்கோத்ரியின் வாசலிலிருந்து மூன்று பேர் காலிக் குடங்களோடு கிளம்பிவந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப பொங்கலுக்கு நான் கேட்டப்பவே சரின்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன். பி.பி. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்னு விட்டேன்" என்ற குணவதி, அவர் தட்டிலிருந்து இரண்டாவது பஜ்ஜியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, குடத்தோடு வந்தவர்களைக் கவனிக்க எழுந்து போனார்.